தலைத்துண்டு

வீரலட்சுமிக்கு வியாழக்கிழமையைக் கண்டாலே ஆகாது. மற்ற ஆறு நாளும் மனுஷன் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும். சாயாக்கடை அடுப்பில் வெந்த முகத்தோடு வந்து, இருப்பதைத் தின்று, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளட்டும். வியாழக்கிழமை மட்டும் சுடலைமணிக்கு எங்கிருந்துதான் அந்தச் சுறுசுறுப்பு வருமோ! விடிந்ததும் முகச்சவரம். கோடு போட்ட சட்டையை அவனே தேய்த்து ஆணியில் மாட்டிவைப்பான். சாயங்காலம் நாலு மணிக்குப் போக வேண்டிய இடத்துக்குக் காலை ஏழு மணிக்கே ஆயத்தம் நடக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவன் இப்படிச் சவரம் செய்திருக்கவில்லை. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

போகிற இடம் ஒன்றும் ரகசியமில்லை. மட்டாஞ்சேரி அரண்மனைச் சாலையில் ஒரு செருப்புக்கடையின் மாடி. சண்டை நடக்கிற தேசங்களில் மாட்டிக்கொண்டு திரும்பியவர்களுக்கு மருந்தும் ஆலோசனையும் இலவசமாகக் கொடுக்க ஓர் அறக்கட்டளை அங்கே அறை எடுத்திருந்தது. ஆலுவாவில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிற மகள் சுபாஷிணிதான் விசாரித்துச் சொன்னாள். "அப்பாவ அங்க போகச் சொல்லும்மா. அங்க ஸாதனா மேடம்னு ஒரு கவுன்சிலர், தமிழும் பேசுவாங்க" என்றாள். பெற்ற மகளே கொண்டுபோய்க் கொடுத்த வினை.

சுடலைமணி சூடானில் நாலு வருஷம் மெஸ் சமையற்காரனாக இருந்தவன். அங்கே சண்டை வெடித்து, பதினோரு நாள் எங்கேயோ அடைந்து கிடந்து, பஸ்ஸும் கப்பலும் விமானமும் ஏறிப் போன வைகாசியில் சுள்ளிக்கல் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பெட்டி கிடையாது. காலில் இரண்டு செருப்பும் இரண்டு நிறம். வந்த புதிதில் கதவு அடித்தால் துள்ளி விழுவான். ஆனால் அப்போது அவளை விடமாட்டான். மழைக்காலம் முழுக்க, ஓட்டின்மேல் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே, அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். அவளும், பிள்ளைக்குப் பிறகு இவனுக்குத் தாயாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தாள்.

மார்கழியில் எல்லாம் மாறியது. பாயை எடுத்துக்கொண்டு போய் வாசல் ஓரம் போட்டுக்கொண்டான். அவள் சோறு வைத்தால் தட்டை நகர்த்திக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தான். பிறகு அதுவும் போய், சமையலை அவனே செய்து மூடிவைத்துவிட்டுத் தான் முன்னாலேயே சாப்பிட்டுவிடுவான். தை பிறந்ததும் அந்த மாடி அறை தொடங்கியது. மார்கழியில் விலகினான், தையில் அந்த மாடிக்காரியிடம் போனான். இரண்டையும் முடிச்சுப் போட வீரலட்சுமிக்கு ஜோசியக்காரன் தேவைப்படவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சொல்லலாம்தான். ஆனால் அவள் இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும், அந்த மஞ்சள் எவ்வளவு பளிச்சென்று இருந்தது என்று.

"அங்க அப்பிடி என்னதான் பேசுவீங்க?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"சும்மா, பேச்சுதான்."

"ஒரு மணி நேரமா?"

"அம்பது நிமிசம்."

"இங்க அஞ்சு நிமிசம் பேச வாய் வலிக்கி. அங்க அம்பது நிமிசம் வலிக்கலியோ?"

அவன் பால் விடாத கட்டஞ்சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். போகும்போது மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். சமீபத்தில் பழகிய பழக்கம் அது. அவள் கிட்டே வந்தாலே மூக்கைத் தோளில் புதைத்துக்கொள்வான். நான் என்ன அழுகிய மீனா என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

வீரலட்சுமிக்குப் பஜார் ரோட்டில் ஒரு பாண்டிகசாலையில் வேலை. உப்புத்தண்ணீர்க் காயலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற பழைய குடோனை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மழைக்காலத்தில் மிளகு புடைப்பாள். மார்கழியில் இஞ்சி வரத் தொடங்கினால் சித்திரை முடிய மூச்சுவிட நேரமிருக்காது. தோல் சீவிய இஞ்சியைச் சுண்ணாம்புப் பாலில் முக்கி எடுத்து, முற்றத்தில் காயப்போட்டு, மறுபடி முக்கி, பிறகு பின்கட்டில் ஜன்னல் இல்லாத அறையில் அடுக்கிக் கந்தகத்தைக் கொளுத்திப் புகை போடவேண்டும். அப்போதுதான் சுக்கு வெள்ளை வெளேரென்று வரும், பூச்சியும் அண்டாது. புகை அறைக்குள் புதிதாக வருகிறவர்கள் இருமி இருமிக் கண் பிதுங்கி ஓடிவிடுவார்கள். பதினாலு வருஷமாக நிற்கிற வீரலட்சுமிக்கு அது ஒரு வாசமாகவே தெரிவதில்லை. சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான் அவளுடைய பாதுகாப்பு.

அந்தத் துண்டுதான் மாசி முதல் வாரத்தில் காணாமல் போயிற்று.

சுடலைமணி வெளிநாடு போகும்போது விட்டுப்போன நீலக்கட்டம் போட்ட சாரத்தை, அந்தப் பழைய லுங்கியைக் கிழித்து அவளே ஓரம் அடித்தது. வேர்வையோடு வந்து வீட்டுக் கொடியில் போட்டாள். காலையில் பார்த்தால் இல்லை. காக்காயா தூக்கும்? மறுநாள் சாக்கு ஆட்டும்போது ஒச்சம்மாளிடம் சொன்னாள். காய்ந்த சுக்கைப் பாதிச் சாக்கில் போட்டு, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் இழுத்து ஆட்டுவார்கள். உரசி உரசி மிச்சத் தோல் உதிரும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நாள் முழுக்க நின்று ஆட்டுகிற வேலை என்பதால், ஒருத்தி வீட்டுக் கதை இன்னொருத்தி காதுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஒச்சம்மாள் உசிலம்பட்டிக்காரி. வெறும் வாயையே மெல்லுகிறவள், அவலைக் கண்டால் விடுவாளா?

"துவைக்காத துண்டாடி?" என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டாள்.

"ஆமாக்கா. வேர்வையோடதான் போட்டுருந்தேன்."

"யாத்தீ! வேர்வ பட்ட துணியும் வாரிப்போட்ட முடியும் காணாமப் போச்சுன்னா அது சும்மா போகாதுடி. எங்க ஊருல மாயக்கான்னு ஒருத்தி. அவ ரவிக்கைய எடுத்துட்டுப் போயி சக்காளத்தி சுடுகாட்டுல பொதச்சுட்டா. அன்னைக்கு மூஞ்சியத் திருப்புனவந்தேன் அவ புருசன், சாகுமட்டும் திரும்பிப் பாக்கலையே!"

"மேடம் படிச்சவுகக்கா. கோர்ட்டுக்குப் பக்கத்துல வீடு, அய்யர் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லுதாவ."

"படிச்சவளுக்கு வசியம் தெரியாதுன்னு எவடி சொன்னா? ஒன் வீட்டுக்குள்ள வந்து போற ஆளு யாரு?"

"நானும் அவரும்தான்."

"அப்ப எடுத்தது யாரு?"

சாக்கின் முனை வீரலட்சுமியின் கையிலிருந்து நழுவி, சுக்கு முற்றமெல்லாம் சிதறியது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் இன்னொருத்தியிடம் போய்ப் பேசுகிறான் என்பதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். தன் வேர்வையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தான் என்பதை எப்படிப் பொறுப்பாள்?

இரண்டு வாரம் பொறுத்தும் ஆறாமல், வியாழக்கிழமை அரைநாள் லீவு கேட்டாள். தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையைப் பையில் மடித்து வைத்திருந்தாள். குடோனிலேயே முகம் கழுவி மாற்றிக்கொண்டு போவதாகத் திட்டம். அந்தம்மாவுக்கு முன்னால் இந்தக் கோலத்தில் போய் நிற்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். ஆனால் அன்றைக்குப் பார்த்துப் புகை அறையில் கந்தகம் சரியாகப் பிடிக்கவில்லை, இரண்டாவது தடவை கொளுத்த வேண்டியதாயிற்று. வெளியே வரும்போது மணி நாலேகால். சேலை பையிலேயே கிடந்தது. மாசி வெயிலில், காயல் காற்று ஒட்டுகிற உடம்போடு, சட்டையைக்கூடக் கழற்றாமல் நடந்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பல்லுக்குள் கூட்டிவைத்தாள்.

மாடி பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கப்பலில் குண்டு விழுந்து திரும்பிய ஒரு மாலுமி, உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு. யுத்த ஊரில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு நர்ஸ், மடியில் பிரிக்காத பிஸ்கட் பொட்டலத்தோடு. இவள் நேரே கதவைப் பார்த்துப் போவதைக் கண்டு நர்ஸ், "சேச்சி, அகத்து ஆளுண்டு" என்றாள்.

"உள்ள இருக்கது எம் புருசந்தாம்மா" என்றாள் வீரலட்சுமி.

கதவுக்கு வெளியே ஒரு கணம் நின்றாள். உள்ளே அவன் குரல் கேட்டது. "எட்டு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் எட்டுதான்." பிறகு, "இப்பம் ஏழு." அந்தப் பெண்ணின் குரல் மெதுவாக, "மூச்சு விடுங்கோ, அவசரமே இல்லை" என்றது. ஒச்சம்மாள் சொன்னது சரியாகிவிட்டது. எண்ணி எண்ணி மந்திரம் உருப்போடுகிறார்கள். வீரலட்சுமி கதவைத் தள்ளினாள்.

அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மண்கூஜா. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. சுடலைமணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். எதிரே ஸாதனா, முன்முடி நரைக்கத் தொடங்கியவள், கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு. அவன் மடியில் அந்த நீலக்கட்டத் துண்டு. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தான்.

"எந் துணி! எந் துணிய வச்சி என்ன செய்தீங்க ரெண்டு பேரும்?"

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்த மாத்திரத்தில் நாற்காலி சரிய எழுந்து, பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு, வாயைப் பொத்தி ஓங்கரித்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"வசியமா வைக்க? படிச்சவதான நீ? எங்கிட்ட இருக்கது இந்த ஒத்த மனுசன்! நாலு வருசம் போன்ல வளத்து, சாவுலருந்து தப்பி வந்தவர மடியில போட்டுத் தூங்க வச்சவ நான். அவர எந் துணிய வச்சே எங்கிட்டருந்து பிரிப்பியா?"

ஸாதனா கோபப்படவில்லை. எழுந்து நின்று, "வீரலட்சுமிதானே? கொஞ்சம் அந்த ஜன்னல் பக்கமாட்டு நிக்கறேளா? சித்த நேரம் மதி, அதுவே போதும்" என்றாள்.

"என்ன ஏன் தள்ளி நிக்கச் சொல்லுத? நான் அவரு பொண்டாட்டி!"

"எனக்காக இல்லை. அவருக்கு வேண்டியாக்கும். ஏன்னு அவர் பறயாதெ நான் பறயப்படாது."

சொல்லக்கூடாது என்கிற அந்த 'பறயப்படாது' வீரலட்சுமியைக் கொளுத்திவிட்டது. தன் புருஷனைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இவளுக்குத் தெரியும். அதைத் தர மாட்டாளாம். பூட்டிவைத்திருக்கிறாளாம். அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவனிடம் போக ஓர் அடி வைத்தாள்.

"வராத லெச்சுமி!" என்று சுடலைமணி கத்தினான். பத்து வாரத்தில் அவன் அவளிடம் எழுப்பிய முதல் பெரிய சத்தம் அதுதான். "அங்கனயே நில்லு. கும்பிடுதேன். ஒம் மேல கந்தகம் மணக்கு."

அவள் நின்றாள். குனிந்து தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் மணக்கவில்லை.

"எங்க மெஸ்ஸுக்குப் பின்னால ஒரு சீனி ஆலக் குடோன்" என்றான் அவன், சுவரை விட்டு அகலாமல். "சீனி வெளுக்கதுக்குக் கந்தக மூட்டையா அடுக்கியிருந்தான். குண்டு அதுமேல விழுந்துட்டு. மூணு நாளு எரிஞ்சுது. நாங்க ஒம்பது பேரு ஸ்டோர் ரூமுக்குள்ள. வெளிய போனா சுடுதான், உள்ள இருந்தா பொகை. துணிய நனச்சி மூக்குல கெட்டிக்கிட்டுக் கெடந்தோம். ஹாமித்துன்னு ஸ்டோர்க்காரரு, அந்த ஊரு மனுசன், இழுப்பு உண்டு. எனக்கு ரொட்டி தட்டச் சொல்லித் தந்தவரு. எந்தோள்ல தல வச்சிப் படுத்துருந்தாரு. மூச்சு எப்பம் நின்னுதுன்னு தெரியல. விடிஞ்சி பாத்தா வெறச்சிப் போய்க் கெடக்காரு. கொண்டு போட எடமில்ல. ரெண்டு நாளு எம் பக்கத்துலதான். அவரு முடியெல்லாம் இந்த மணம்."

வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அது போகும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினான்.

"மழக்காலத்துல எனக்கு ஒண்ணுமில்ல. மார்கழில நீ பொகைக்கு நிக்க ஆரம்பிச்ச. வந்து எம் பக்கத்துல படுத்த. திரும்பிப் பாத்தா அவரு படுத்துருக்காரு லெச்சுமி. நீ குளிச்சிட்டு வந்தாலும் முடில நிக்கி. இத எப்பிடிச் சொல்ல? கட்டுன பொண்டாட்டியத் தொட்டாப் பொணத்தத் தொட்ட மாரி இருக்குன்னு எந்த வாயால சொல்லச் சொல்லுத?"

வீரலட்சுமி அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பச்சைச் சேலையின் ஓரம் வெளியே தொங்கியது.

"துண்ட நாந்தான் எடுத்தேன்" என்றான். "மேடம் கேக்கல. மேடம் கந்தகத்துல ஒரு பொட்டு கொண்டாரச் சொன்னாவ, நான் இதக் கொண்டாந்தேன். மொதல்ல ஜன்னல்ல போட்டுப் பாத்தோம். பொறவு மேச மேல. இன்னைக்குத்தான் மடிக்கு வந்துருக்கு. பயம் பத்துல எத்தனன்னு நான் சொல்லணும். எறங்குத வரைக்கும் எந்திரிச்சி ஓடாம இருக்கணும். அவ்வளவுதான் வைத்தியம்."

ஸாதனா அவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்த பிறகுதான் பேசினாள். "மொத நாள் நான் கேட்டேன், என்ன சரியாகணும்னு. ஒறக்கம் வரணும்னு சொல்வார்னு நெனச்சேன். லெச்சுமி பக்கத்துல இருந்து ஒரு நேரம் சாப்பிடணும், அது மதி, அது போதும்னார்."

வீரலட்சுமி அழுதாள். அழுகையிலும் பொறாமை போகவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வாரமாக இவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தன் பெயரை அவன் ஆசையோடு சொன்னதைக்கூட இன்னொருத்தி அல்லவா முதலில் கேட்டிருக்கிறாள்!

"நான் வேலைய விட்டுருதேன்" என்றாள் மூக்கைச் சிந்தியபடி.

"இதுக்காட்டிதான் நான் சொல்லல" என்றான் அவன். "விட்டுட்டா? ஊர்ல பட்டாசு விடுவான், கோயில்ல வெடி போடுவான், நான் எங்கன ஓட? விட வேண்டாம். நான் கத்துக்கிடுதேன்."

வீரலட்சுமி ஸாதனாவைப் பார்த்துத் திரும்பினாள். "மேடம், நான் மரியாத இல்லாமப் பேசிட்டேன். தப்புதான். ஆனா அந்தத் துண்டக் குடுங்க. எந் துணி உங்க மேசைல கெடக்கப்படாது. மோந்து பாக்கணும்னா எங்க வீட்டுல வச்சி மோந்து பாக்கட்டும். துண்டு எதுக்கு, முழுசா நானே இருக்கேன்."

ஸாதனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "செய்யலாம். அடுத்த படி அதாக்கும். ஆனா பதுக்கெ, மெதுவா. அவர் நில்லுன்னா நிக்கணும். ஒரு அடி கூட வைக்கப்படாது. உங்களால முடியுமோ?"

"பதினாலு வருசமா ஒரே எடத்துல நின்னு சாக்கு ஆட்டுதேன் மேடம். நிக்கதுக்கா எனக்குச் சொல்லித் தரணும்?"

மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து வந்தாள். குளிக்கவில்லை, சட்டையைக் கழற்றவில்லை. தலையில் அதே நீலக்கட்டத் துண்டு. வீட்டுத் தரையில் பழைய சிவப்புக் கற்கள் பதித்திருந்தார்கள், வாசலிலிருந்து எதிர்ச் சுவர்வரை ஒன்பது கல். சுடலைமணி சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் வேகவைத்த கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும், இரண்டு தட்டும் எடுத்து வைத்திருந்தான்.

"எத்தன?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"ஆறு."

ஒரு கல் முன்னால் வந்தாள். "இப்பம்?"

"ஏழு. நில்லு."

நின்றாள். குழம்பில் ஆடை படிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை இறக்கினார்கள். அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்கின் வழியாக இறங்கியது, துடைக்கவில்லை. மூக்கைத் தோளில் புதைக்கவும் இல்லை. அவளுக்குக் கால் வலிக்கவில்லை, மனசுதான் பொறுக்கவில்லை. கேட்கக்கூடாது என்று நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"அந்தம்மா பக்கத்துல உக்காந்தா எத்தன?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "சைபர்."

"ஓகோ!" என்றாள். "அவ பக்கத்துல சைபர். கட்டுனவ பக்கத்துல ஏழு. நல்லாருக்கு நாயம்."

"ஏட்டி, கூறுகெட்டவளே" என்றான் சுடலைமணி. மார்கழிக்குப் பிறகு அவன் அவளைத் திட்டுவது இதுதான் முதல் தடவை. "அந்தச் சைபருக்கா நான் வாராவாரம் சவரம் பண்ணிக்கிட்டு மாடி ஏறுதேன்? இந்த ஏழுக்குல்லா ஏறுதேன்!"

வீரலட்சுமி துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த கல்லில் காலை வைத்தாள்.

"எட்டு" என்றான் அவன். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவளுடைய தட்டில் கப்பையை எடுத்து வைத்தான்.